கூழாங்கல் எந்தப் பக்கம்?

ஒரு பாட்டு காதில் விழுந்தால் சிலர் தாளம் போடுவார்கள், சிலர் தலையாட்டுவார்கள், சிலர் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். இந்த மூன்றிலும் சேராத நான்காவது இனம் ஒன்று உண்டு. பாட்டு தொடங்கியதுமே அது கண்ணை இடுக்கிக்கொள்ளும். கழுத்தை ஒரு விரற்கடை முன்னால் நீட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரின் காதோரம் குனிந்து, "இவன் எந்தப் பக்கம்னு தெரியுமில்ல?" என்று கேட்கும். பார்ப்பதற்குக் கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கேள்வி அல்ல. உங்களுக்குத் தெரியாது என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும்.

உடம்புச் சூட்டைப் பார்க்க வெப்பமானி இருப்பதுபோல ஊராரின் அரசியல் சாய்வைப் பார்க்க இயற்கை படைத்த கருவி இது. சாய்வுமானி என்று வைத்துக்கொள்வோம். முடிதிருத்தும் கடையில் இருக்கும், பேருந்தில் இருக்கும், திருமணப் பந்தியில் உங்களுக்கு அடுத்த இலையில் இருக்கும். கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்ளும்போதுகூட, ஊசி போடுகிற அம்மாள் எந்தப் பக்கம் என்ற யோசனையில் அதற்கு வலி தெரியாது. அந்த அளவில் இது நன்மை பயக்கும் நோய்தான்.

நாம் இப்போது கிட்டப் போய்ப் பார்க்கப்போகிறவர், சாய்வுமானிகளில் முதல் தரம். தொழிலே அவருக்கு மதிப்பீடு. மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது எதன்மேல் இடித்தது, தப்பு யார்மேல் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பவர். முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், இடம் வலம் இரண்டு படம், அப்புறம் கீறலுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து ஐந்தாவது படம். எல்லாவற்றையும் பச்சை அட்டை போட்ட கோப்பில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டால் அது வேதவாக்கு. இருபத்திரண்டு வருடத்தில் எழுதிய அறிக்கை ஒன்றைக்கூட அவர் திரும்பப் பெற்றதில்லை. அதைத் தானே சொல்லிக்கொள்வார், நீங்கள் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல்.

அவருடைய தொழில் விதி ஒன்றுதான். "ஓட்டினவன்கிட்ட கேக்காத. அவன் பொய் சொல்லுவான். தகரத்தப் பாரு." இந்த விதியால் அவர் தொழிலில் உயர்ந்தார். இதே விதியை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார் என்பதுதான் இந்தக் கதை.

ராப் பாடுகிற ஒரு பையன் அப்போது பிரபலமாகிக்கொண்டிருந்தான். ஒல்லியான தேகம், தொளதொள சட்டை, நிரந்தரச் சளி. கூழாங்கல் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டிருந்தான். மதிப்பீட்டாளர் குடியிருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டுவிழா வந்தது. இளவட்டங்கள் கூழாங்கல்லை அழைக்கலாம் என்று மனுக் கொடுத்தார்கள். அவனும் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற தபால் அதிகாரி, எந்த உறையையும் பிரிக்காமல் எடைபோட்டே பழகியவர், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நேராக மதிப்பீட்டாளர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், நாளைக்கு யாராவது வந்து அவன ஏன் மேடை ஏத்துனீங்கன்னு கேட்டா என் தலைதான் உருளும். ஆளு எந்தப் பக்கம்னு நீங்க பாத்து எழுதிக் குடுத்துருங்க. உங்க அறிக்கைய வெச்சு ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிக்கலாம்."

இதைவிட இனிப்பான சொற்களை ஒரு சாய்வுமானியின் காதில் ஊற்ற முடியுமா? மதிப்பீட்டாளருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே புதிதாக ஒரு பச்சை அட்டைக் கோப்பு திறக்கப்பட்டது.

அவருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை உங்களுக்கு மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூழாங்கல்லைப் பிரபலமாக்கிய அந்தப் பாட்டை எழுதியது கூழாங்கல் அல்ல. மதிப்பீட்டாளரின் ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாட்டுக்கடியில் 'மூணாவது தட்டு' என்று புனைபெயர் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டின் கடைசி நாலு வரியை ஆண்டுவிழா மேடையில் அவளே பாடுவதாக ஏற்பாடு. முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் போன் இல்லாமல் முழுக்கக் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக இளவட்டங்களைக் கிளப்பிவிட்டு அந்த மனுவை எழுத வைத்ததே அவள்தான். அவளுடைய அம்மாவுக்கு இது தெரியும். பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருப்பவர் அவர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பவர்களையே நாள் முழுக்கப் பார்ப்பதால் தன் வாயை மூடி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்.

நேராகச் சொல்லிவிடலாமே என்கிறீர்களா? இந்தப் பாட்டை எழுதுவதற்கு முன்பே ஒருமுறை மனசில் இருந்ததைச் சொல்லப் பார்த்திருக்கிறாள். ஒரு மாலை, குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் யாருடைய காரிலோ விழுந்த கீறலை அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கிட்டே வந்து நின்று, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "கொஞ்சம் நகரும்மா, நிழல் விழுது" என்றார் அவர். நகர்ந்தாள். படம் நன்றாக வந்தது.

இனி மதிப்பீட்டாளர் வேலை செய்யும் அழகைப் பார்ப்போம்.

முதலில் உடை. ஒரு நிகழ்ச்சியில் கூழாங்கல் அணிந்திருந்த காலணியின் நாடா என்ன நிறம் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்று ஆரஞ்சு, மற்றது வெள்ளை. "ரெண்டு பக்கமும் கால் வெச்சிருக்கான்" என்று குறித்துக்கொண்டார். ஒரு பெரிய மனிதர் மேடை ஏறியபோது எல்லாரும் எழுந்து நிற்க, கூழாங்கல் மட்டும் இரண்டு நொடி பிந்தி எழுந்திருக்கிறான். ஏன் இரண்டு நொடி? வெள்ளம் வந்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே பயந்தவன். தீ விபத்தின்போது ஏதோ சொன்னான், ஆகவே தூண்டப்பட்டவன். யாரோ ஒரு தலைவரின் சின்ன மாமனார் வளர்க்கிற நாயின் படத்துக்கு விருப்பக்குறி போட்டிருந்தான். அந்த நாய்க்கு மட்டும் கோப்பில் ஒன்றரைப் பக்கம். எந்தக் கையில் மைக்கைப் பிடிக்கிறான், பேட்டியில் எந்தக் கேள்விக்குத் தண்ணீர் குடித்தான், யார் பெயரைச் சொன்னபோது மூக்கை உறிஞ்சினான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். அவனுக்கு எப்போதும் சளி என்பது கோப்பில் எங்கேயும் இல்லை.

இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் அவர் தினமும் போகிற வண்டிப் பட்டறையில் நடந்தது. அங்கே இடிபட்ட தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற மேஸ்திரி ஒருவர் இருந்தார். மேஸ்திரியும் சாய்வுமானிதான், ஆனால் எதிர்ப்பக்கம். இரண்டு சாய்வுமானிகள் ஒரே பொருளை அளந்தால் என்ன ஆகும்?

"மேஸ்திரி, கூழாங்கல் உங்க ஆளுதானே? எங்கிட்ட எதுக்கு மறைக்கறீங்க?"

"என்ன சார் இது, அவன் உங்க ஆளு. அந்த நாய்ப் படம் பாக்கலியா நீங்க?"

"நாய வெச்சுத்தான் சொல்றேன். அது உங்க பக்கத்து நாய்."

"அது உங்க பக்கம் தாவி ஆறு மாசம் ஆச்சு சார்."

இருவரும் ஒருவர் தலையில் ஒருவர் அந்தப் பையனைக் கட்டப் பார்த்தார்கள். இருவருக்கும் அவன் வேண்டாம். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. பேசி முடித்துச் சுத்தியலை எடுத்த மேஸ்திரி அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டு தகரத்தைத் தட்டினார், அதன் தாளத்திலேயே. "ஆளு எப்படியோ போகட்டும் சார், பாட்டு நல்லாருக்கு. கடைசில ஒரு மாதிரி ஆயிடுது மனசு. வீட்டுக்குப் போனதும் பிள்ளைங்கள ஒரு தடவ பாக்கத் தோணுது" என்றார்.

மதிப்பீட்டாளர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாட்டை அவர் கேட்டதே இல்லை. பார்த்திருக்கிறார். பதினேழு முறை, ஒலியை அடைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் பின்னாலிருக்கும் சுவர்க் கடிகாரம் வரும் இடத்தில் நிறுத்தி. சத்தம் வைத்தால் கவனம் சிதறும் என்பது அவர் கட்சி. வரிகள் வேண்டுமென்றால், பாட்டின் முதல் நாலு வரியை யாரோ எழுதிப் பரப்பியிருந்தார்களே, அது போதாதா? அதைத்தான் கோப்பில் ஒட்டியிருந்தார்.

மேசையில மூணு தட்டு
பேசுறது ஒரே தட்டு
கதவத் தெறந்து வந்தேன்
நிமிரலையே ஒரு நெத்தி

சனிக்கிழமை சாப்பிடும்போது கோப்பைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். இந்த இனத்துக்குச் சொற்பொழிவு இல்லாமல் சோறு இறங்காது.

"இதுல என்ன சொல்றான் தெரியுதா? மேசைன்னா பேச்சுவார்த்தை மேசை. மூணு தட்டுன்னா மூணு அணி. ஒரே தட்டு பேசுதுன்னா, மத்த ரெண்ட பேச விடலங்கறான். யாரத் தாக்குறான்னு இப்பவாவது புரியுதா?"

மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. பேசிக்கொண்டிருந்தது ஒன்று.

மனைவி குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுச் சொன்னார். "என்னங்க, வெறும் சாப்பாட்டு மேசையா இருக்கக் கூடாதா?"

"சாப்பாட்டு மேசையப் பத்தி யாராவது பாட்டெழுதுவானா? இங்க பாரு, 'கதவத் தெறந்து வந்தேன்'ங்கறான். வெளியிலேந்து உள்ள வந்தவன். கட்சி மாறினவன். 'நிமிரலையே ஒரு நெத்தி'. எவனும் மதிக்கலங்கற கடுப்பு. எழுதினவன் பேரப் பாரு, மூணாவது தட்டு. மூணாவது அணிக்காரன்னு அவனே ஒத்துக்கிட்டான்."

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "எழுதுனது பொண்ணா இருந்தா?"

"பொண்ணோ பையனோ, நல்ல வளர்ப்பில்ல. பெத்தவங்க சரியில்ல. அது மட்டும் நிச்சயம். ஆதாரம் இருக்கு."

மனைவிக்குப் புரையேறியது. மகள் தண்ணீரை அம்மாவின் பக்கம் தள்ளினாள். அவள் சிரிக்கவில்லை. "முழுப் பாட்டும் கேட்டீங்களாப்பா?" என்றாள்.

"பாத்தாச்சு."

"எழுதினவங்களையே கூப்பிட்டுக் கேக்கலாமே."

"ஓட்டினவன்கிட்ட கேக்கறதா? நல்லாருக்கு போ." அவர் சிரித்தபடி தட்டை வழித்தார். மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதையும் அவர் பார்த்தார். பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதற்கு ஆதாரம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூடத்தில் நாற்காலிகள் நிரம்பின. பச்சை அட்டைக் கோப்பு நாற்பத்தோரு பக்கமாகக் கொழுத்திருந்தது. கூழாங்கல்லும் வந்திருந்தான், தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்க அல்ல, மேடைக்குக் கிட்டே மின்சார இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். மதிப்பீட்டாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

அறிக்கையை அவர் ஒன்றரை மணி நேரம் வாசித்தார். நாடா வந்தது, நாய் வந்தது, இரண்டு நொடி வந்தது. முதல் வரிசையில் இருந்தவர்கள் பயத்திலும் பின்வரிசையில் இருந்தவர்கள் தூக்கத்திலும் தலையை ஆட்டினார்கள். முடிவுரை: "பாடுபவர் சந்தேகத்துக்குரியவர். எழுதியவர் அதைவிட ஆபத்தானவர். மேடை தரக்கூடாது."

செயலாளர் நிம்மதியாக மூச்சு விட்டார். உறை எடைபோட்டாகிவிட்டது. "அப்ப அனுமதி இல்லன்னு எழுதிக்கலாமா?" என்று பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மகள் எழுந்து நின்றிருந்தாள். "அந்தப் பாட்ட எழுதினது நான்."

கூடம் மொத்தமும் திரும்பியது. மதிப்பீட்டாளர் மட்டும் உடனே திரும்பவில்லை. கோப்பைத்தான் பார்த்தார், அதற்குள் எங்காவது இது இருக்கிறதா என்பதுபோல. நாற்பத்தோரு பக்கத்திலும் இல்லை.

"நீ எழுதினியா?" என்றார். "எதுக்கு? யாரு எழுதச் சொன்னது? எந்த..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். 'எந்தப் பக்கம்' என்பது தொண்டைவரை வந்துவிட்டது. மென்று விழுங்கினார்.

"கடைசி நாலு வரியக் கேளுங்கப்பா. அப்புறம் அனுமதி இல்லன்னே எழுதிக்குங்க."

செயலாளர் பேனாவை மூடினார். கூழாங்கல் கைப்பையிலிருந்து சின்ன ஒலிபெருக்கி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துத் தாளத்தைத் தட்டிவிட்டான். அது பட்டறையில் கேட்ட அதே தாளம் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரிந்தது. சொல்லைத்தான் இதுவரை கேட்டதில்லை. மகள் பாடினாள். சொன்னாள் என்பதே சரி.

ஊருல யாரு எந்தப் பக்கம், உனக்கு அத்துப்படி
மூணாவது தட்டுல யாருன்னு தெரியலியே எப்படி
கீறலுக்கு வெளிச்சம் புடிச்சு கிட்ட வந்து பாக்குற
நான் குறுக்க வந்து நின்னா மட்டும் நிழலுன்னு நகத்துற

மனைவி தன் கையிலிருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தார். மதிப்பீட்டாளருக்கு அந்த மாலை நினைவு வந்தது. காரின் நிறம் நினைவு வந்தது, கீறலின் நீளம் நினைவு வந்தது, பதினோரு சென்டிமீட்டர். மகள் அன்று என்ன சொல்ல வந்தாள் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. வராது. அவர் கேட்கவில்லையே. சத்தியமாக அழுகை வந்தது அந்த மனிதருக்கு. கூட்டத்துக்கு நடுவில் அழத் தெரியாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் கழற்றினார்.

"சார், அறிக்கை..." என்றார் செயலாளர் மெதுவாக.

மதிப்பீட்டாளர் பேனாவை எடுத்தார். முடிவுரையின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் கோடு. அடியில் தொழில் வழக்கப்படி எழுதி, எழுதியதை வாசித்தும் காட்டினார். "சேதம் பழையது. மோதியது என் வண்டி."

ஆண்டுவிழா நடந்தது. முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். போனை மனைவியின் பையில் போட்டுவிட்டிருந்தார். மகள் மேடையேறிக் கடைசி நாலு வரியைப் பாடியபோது, கைதட்டுவதா துடைத்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். முடிந்து கீழே வந்தவளிடம், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள், "இல்லப்பா" என்றாள். அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை. ஆனாலும் யோசித்து இன்னொன்று கேட்டார், "பாடும்போது பயமா இருந்துச்சா?" அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லத் தொடங்கினாள். பதில் நீளமாக இருந்தது. முழுக்கக் கேட்டார்.

இத்தோடு நோய் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? அடுத்து மேடையேறியவர் மாயவித்தைக்காரர். தொப்பிக்குள்ளிருந்து வரிசையாகக் கைக்குட்டைகளை எடுத்தார். மூன்றாவது கைக்குட்டையின் நிறத்தைப் பார்த்ததும் மதிப்பீட்டாளரின் கண் தானாக இடுங்கியது, கழுத்து ஒரு விரற்கடை நீண்டது. பக்கத்தில் இருந்த மகள் அவர் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். கழுத்து உள்ளே போனது. இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து இடிக்க ஆள் இருக்கிற சாய்வுமானிகள் பாக்கியசாலிகள்.

உங்களுக்கு அப்படி யாராவது இருக்கிறார்களா? ஏன் கேட்கிறேன் என்றால், மதிப்பீட்டாளர் எந்தப் பக்கம், மேஸ்திரி எந்தப் பக்கம் என்று இந்தக் கதையில் நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் பாதிக் கதைக்குள் நீங்கள் இருவரையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். கோப்பின் அட்டை பச்சை என்று திரும்பத் திரும்ப எழுதினேனே, அதை வைத்து என்னையும் ஒரு பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருப்பீர்கள். அன்றைக்குக் கடையில் அந்த நிறம்தான் இருந்தது. நம்பமாட்டீர்கள், தெரியும். ஓட்டியவன் பேச்சை யார் கேட்கிறார்கள்? போகட்டும், இதை மடித்து வைத்துவிட்டு ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். ஏதோ சொல்வதற்காக யாரோ உங்கள் வீட்டில் வெகுநேரமாக உங்கள் எதிரே நிற்கலாம். இவ்வளவு நேரம் அது வெறும் நிழல் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?